பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடு

ராணுவத்தில் நான்கு ஆண்டுப் பணிக்கு அக்னிவீரராகச் சேரக் குறைந்தபட்ச வயது 17½. விண்ணப்பிக்கும் பையனுக்கு 18 நிறையவில்லை என்றால் அவன் கையெழுத்து மட்டும் செல்லாது. அப்பாவோ அம்மாவோ கார்டியனோ பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அந்த வயதுப் பிள்ளையை இரவு ஒன்பது மணிக்கு மேல் பைக் எடுத்துக்கொண்டு வெளியே போக விடாத பெற்றோர், அவனைப் பனிமலைக்கும் எல்லைக் கோட்டுக்கும் அனுப்பச் சம்மதித்துப் பேனாவை எடுக்கிறார்கள். பல வீடுகளில் அந்தக் கையெழுத்துக்கு முன் மாதக்கணக்கில் சண்டை நடந்திருக்கும். ஒரு வேளைச் சாப்பாடு நின்றிருக்கும். மாமாவோ சித்தப்பாவோ பஞ்சாயத்துக்கு வந்து போயிருப்பார்கள்.

“இருக்கிறது ஒரே பையன்” என்பதுதான் எல்லா வீட்டிலும் முதலில் எழும் வாதம். இரண்டு பையன்கள் இருக்கும் வீட்டில் அது “மூத்தவன் போயிட்டா யாரு பாத்துக்கிறது” என்று மாறும். பையனிடமும் பதில் தயாராக இருக்கும். டிப்ளமோ முடித்தவன் கம்பெனியில் என்ன சம்பளம் வாங்குகிறான், போலீஸ் தேர்வு எப்போது வரும், தங்கை கல்யாணத்துக்கு யார் சேர்ப்பது என்று கணக்கோடு பேசுவான். சில பிள்ளைகள் கணக்கே பேசுவதில்லை. பள்ளியில் என்.சி.சி. சீருடை போட்ட நாளிலிருந்தே முடிவு செய்துவிட்டதாக ஒற்றை வரியில் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். பெற்றோரைத் திணறடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். கணக்குக்கு மறுகணக்குச் சொல்லலாம், ஆசைக்கு என்ன சொல்வது?

வீடு சம்மதிக்கும் முன்பே பையனின் உடம்பு தயாராகத் தொடங்கிவிடும். தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்திலும் விடியும் முன் பஸ்ஸில் போகிறவர்கள் சாலையோரம் கூட்டமாக ஓடும் இளைஞர்களைப் பார்த்திருப்பார்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் 60 மதிப்பெண், பத்து புல்-அப்ஸ் எடுத்தால் 40 என்பது சில ஆண்டுகளுக்கு முன்புவரை அவர்களுக்கு மனப்பாடமாக இருந்த பாடம். எழுத்துத் தேர்வு 2023 முதல் ஆன்லைனில் முதலில் நடக்கிறது, அதில் தேறியவர்களுக்குத்தான் ஓட்டம். அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்ற வசதி 2025-ல் வந்தது. பையன் இப்படி ஓடிப் பழகும் நாட்களில்தான் பல அம்மாக்களின் மனசு மெல்ல இளகுகிறது. வேண்டாம் என்று வாயால் சொல்லிக்கொண்டே, நாலு மணிக்கு எழுந்து ஓடப் போகிறவனுக்காக முதல் நாள் இரவே கொண்டைக்கடலையை ஊறப் போடுகிறார்கள்.

வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. அதை ராணுவப்பேட்டை என்றே பலரும் சொல்கிறார்கள். முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்தவர் அல்லது இருப்பவர் என்பது அந்த ஊரின் அடையாளம். அப்படிப்பட்ட ஊரில் பையன் பட்டாளத்துக்குப் போவதாகச் சொன்னால் வீடு கலங்கினாலும் தனியாகக் கலங்க வேண்டியதில்லை. எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற சுபேதார் இருப்பார். அடுத்த தெருவில் இரண்டு பிள்ளைகளை அனுப்பிய பாட்டி இருப்பார். பத்து நாள் போன் வரவில்லை என்றால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று சொல்லித்தர ஆள் இருக்கும். எந்தத் தாளை எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்பது திண்ணைப் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

உண்மையில் கஷ்டப்படுவது முதல் தலைமுறைப் பட்டாள வீடுகள். தெருவிலேயே, சில சமயம் சொந்தத்திலேயே முதல் ஆளாக ஒரு பிள்ளை சேர்ந்திருப்பான். சென்னைப் புறநகரில் ஒரு அடுக்குமாடியில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால், மற்ற வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருப்பார்கள். லிப்டில் பார்க்கிறவர்கள் “பையன் எங்க இருக்கான்?” என்று கேட்பார்கள். அந்தச் சாதாரணக் கேள்விக்கு அவர்களால் சாதாரணமாகப் பதில் சொல்ல முடியாது. இடத்தை வெளியே சொல்லக் கூடாது என்று பையன் சொல்லியிருப்பான். பல நேரம் அவர்களுக்கே தெரியாது. “நார்த்ல” என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள்.

சேர்ந்த முதல் சில வாரங்கள்தான் வீட்டுக்கு மிகக் கடினம். தென்மாநிலப் பையன்கள் பலர் நீலகிரியில் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்குப் போகிறார்கள். 1758-ல் தன் வரலாற்றைத் தொடங்கும் ரெஜிமென்ட் அது. “வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு” என்ற அதன் போர் முழக்கத்தில் தமிழ் ஒலிக்கிறது. மற்றவர்கள் பெங்களூரில் மெட்ராஸ் சேப்பர்ஸ், செகந்தராபாத்தில் இ.எம்.இ., நாசிக்கில் பீரங்கிப் படை என்று சிதறிப் போகிறார்கள். பயிற்சியின் தொடக்கத்தில் பெரும்பாலும் கைபேசி கையில் இருக்காது. கிடைக்கும்போது சில நிமிடம் பேசலாம். அந்தச் சில நிமிடத்தில் அம்மா கேட்பது சாப்பாடு பற்றி, அப்பா கேட்பது உடம்பு பற்றி. பையன் இரண்டுக்கும் “நல்லாருக்கு” என்று சொல்வான். மொட்டையடித்த தலையோடு வரும் முதல் போட்டோவைப் பார்த்து அழாத அம்மா அபூர்வம். கன்னம் ஒட்டியிருக்கும், காது மட்டும் பெரிதாகத் தெரியும்.

பிறகு ஒரு நாள் அழைப்பு வரும். பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கும் கசம் பரேடுக்குப் பெற்றோர் வரலாம். கிராமத்திலிருந்து ஊட்டி மலையேறி வரும் அப்பாக்கள், புதிதாக வாங்கிய சட்டையில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருப்பார்கள். நூறு பேர் ஒரே மாதிரி நடக்கும்போது தன் பிள்ளை எது என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆகும். பல ரெஜிமென்ட் மையங்களில் அன்று பெற்றோரின் மார்பிலும் ஒரு பதக்கம் குத்துகிறார்கள். அதன் பெயர் ‘கௌரவ் பதக்’. பிள்ளையைக் கொடுத்தவர்களுக்குப் படை செய்யும் மரியாதை அது. ஆறு மாதமாக “நான் சொன்னேன், கேக்கலையே” என்று புலம்பிக்கொண்டிருந்த அப்பா, அந்தப் பதக்கத்தோடு ஊர் முழுக்கப் போட்டோ அனுப்புவார்.

அதிகாரியாகிறவர்களில் பலருக்கு இந்த நிறைவு அணிவகுப்பு பரங்கிமலையில் உள்ள ஆபீசர்ஸ் டிரெயினிங் அகாடமியில் நடக்கிறது. 1963-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் 1992-லிருந்து பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். அணிவகுப்பு முடிந்ததும் பெற்றோர் வந்து பிள்ளையின் தோளில் நட்சத்திரத்தைத் திறந்து வைக்கும் சடங்கு உண்டு. அந்த மைதானத்துக்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே பயிற்சி பெற்று, இலங்கையில் 1987 நவம்பர் 25 அன்று வீழ்ந்து, பரம் வீர் சக்ரா பெற்றவர் அவர். பெருமையோடு நட்சத்திரம் சூட்டும் பெற்றோரின் காலடியில் இருப்பது அந்தப் பெயருள்ள மண். இங்கே மகளை அனுப்பும் குடும்பங்கள் இன்னொரு எதிர்ப்பையும் தாண்டி வருகின்றன. “பொண்ண எப்படி விட்டீங்க, நாளைக்கு யாரு கட்டுவா” என்று கேட்கும் சொந்தங்களுக்குப் பதில் சொல்லியே அந்த அம்மாக்கள் பாதிக் களைத்துவிடுகிறார்கள். தேசியப் பாதுகாப்பு அகாடமியிலிருந்து முதல் முறையாக 17 பெண்கள் 2025 மே மாதம் தேர்ச்சி பெற்று வெளியே வந்தது இப்படிப்பட்ட வீடுகளுக்குக் கையில் கிடைத்த நல்ல பதில்.

பயிற்சி முடிந்து யூனிட்டுக்குப் போனபின் தொடங்குவது நீண்ட காத்திருப்பு. முன்பு அது தபால்காரரின் சைக்கிள் மணியோடு கட்டிப்போடப்பட்டிருந்தது. பட்டாள வீடுகளில் பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் தெரிந்த ஒரே முகவரி “கேர் ஆஃப் 56 ஏபிஓ” அல்லது “99 ஏபிஓ”. ஊர் பெயர் இல்லாத முகவரி அது. ராணுவத் தபால் அமைப்பு அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்த மலையில் இருந்தாலும் கடிதத்தைச் சேர்த்துவிடும். அவசரத்துக்குத் தந்தி. தாய் சீரியஸ், உடனே கிளம்பு என்று வரும் தந்தியைக் காட்டித்தான் சிப்பாய் லீவு கேட்பான். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றபோது அதை நினைத்து வருந்தியவர்களில் பழைய பட்டாளக் குடும்பங்களும் உண்டு. எதிர்த் திசையில் வரும் தந்தியை நினைத்து நடுங்கியவர்களும் அவர்களேதான்.

இப்போது வீடியோ கால் இருக்கிறது. காத்திருப்பு குறைந்ததா என்றால் இல்லை. முன்பு இருபது நாள் கடிதம் வராவிட்டாலும் தபால் தாமதம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் கடைசியாக எப்போது ஆன்லைனில் வந்தான் என்று தெரிகிறது. நேற்று காலை 6:12. அதற்குப் பின் ஒன்றும் இல்லை. சிக்னல் இல்லாத போஸ்டுக்கு ஏறியிருப்பான் என்று அறிவு சொல்கிறது, விரல் திரும்பத் திரும்ப அந்தத் திரையைத் திறக்கிறது. தமிழ்நாட்டின் ஏதோ ஒரு கிராமத்தில், நாற்பது டிகிரி வெயிலில் உட்கார்ந்து, கைபேசியில் லே நகரத்தின் வெப்பநிலையைத் தினமும் பார்க்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள். கேட்டால் சும்மா பார்த்தேன் என்பார்கள்.

2025 மே மாதம் பாகிஸ்தானுக்கு எதிரான ஆபரேஷன் சிந்தூர் நடந்த அந்த நாட்களில் இந்த வீடுகள் பட்ட பாடு தனி. லீவில் வந்தவர்கள் பாதியில் கூப்பிடப்பட்டார்கள். மே 7 முதல் 10 வரை டிவியில் ஓடியவற்றில் எது உண்மை, எது கட்டுக்கதை என்று யாராலும் பிரித்தறிய முடியவில்லை. ராணுவ நடவடிக்கைகளை நேரலையாகக் காட்டாதீர்கள் என்று மத்திய அரசே ஊடகங்களுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது. எல்லை மாவட்டத்தில் பிள்ளை இருக்கும் வீட்டில், பழைய வீடியோ ஒன்றைத் தேதி மாற்றிப் பரப்புகிறவன் செய்வது சாதாரணத் தவறு இல்லை. அது ஒரு அம்மாவின் தூக்கத்தைத் திருடுகிறது. அந்த நாட்களில் சமாளித்த குடும்பங்கள் செய்தது எளிய காரியம்தான். டிவியை அணைத்தார்கள். ஒரே யூனிட்டில் பிள்ளை உள்ள மற்ற வீடுகளோடு மட்டும் பேசிக்கொண்டார்கள். யாராவது ஒரு வீட்டுக்கு “சேஃப்” என்று ஒற்றைச் சொல் வந்தாலும் அது பத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

லீவு என்பது அந்த வீட்டின் பண்டிகைக் காலம். நிரந்தரப் படைவீரருக்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பும் 30 நாள் கேஷுவல் விடுப்பும் உண்டு, அக்னிவீரருக்கு 30 நாள். கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு வழியாகக் கத்ரா வரை போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் ஏறக்குறைய மூன்று நாள் உட்கார்ந்தே வர வேண்டும் என்பதால் பயணமே லீவில் ஒரு பங்கைத் தின்றுவிடும். தங்கை கல்யாணம், காதுகுத்து, வீட்டுக்குக் கான்கிரீட் போடுவது எல்லாம் அண்ணனின் லீவைப் பார்த்துத்தான் நாள் குறிக்கப்படும். முகூர்த்தம் பொருந்தி லீவு பொருந்தாமல் போவதும் நடக்கும்.

வந்து இறங்குகிறவன் போனவனாக இருப்பதில்லை. இதைப் பெற்றோரிடம் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. நாலரை மணிக்கு விழித்துக்கொள்வான். போர்வையைக் கத்தி மடிப்பாக மடித்து வைப்பான். பட்டாசு வெடித்தால் ஒரு நொடி தோள் இறுகும். நண்பர்கள் வந்தால் சிரிப்பான், கொஞ்ச நேரத்தில் மொட்டை மாடிக்குத் தனியாகப் போய்விடுவான். “என்னடா ஆச்சு” என்று அம்மா துருவித் துருவிக் கேட்டால் இன்னும் இறுகிப்போவான். பேசும் வரை விட்டுவிடுவது நல்லது என்று அனுபவப்பட்ட வீடுகள் சொல்கின்றன. வயலுக்கு மருந்தடிக்கக் கூடப் போகும்போதோ, வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போதோ, முகம் பார்க்காத நேரத்தில் அவனாகவே இரண்டு வாக்கியம் சொல்வான். கடைசி மூன்று நாள் வீடே அமைதியாகிவிடும். வெள்ளை எழுத்தில் பெயரும் படை எண்ணும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியில் முறுக்கும் அதிரசமும் பருப்புப் பொடியும் ஏறும். யூனிட்டில் போய்த் திறந்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்று தெரிந்தும் இரண்டு மடங்கு செய்து அனுப்புவார்கள்.

கல்யாணமானபின் அந்த லீவு இரண்டாகப் பிரிகிறது. பீஸ் ஸ்டேஷனில் இருக்கும்போது குவாட்டர்ஸ் கிடைத்தால் மனைவி கூடப் போகலாம். ஃபீல்டுக்குப் போனால் தனியாகத்தான் போக வேண்டும். அப்போது மனைவி மாமியார் வீட்டிலோ தாய் வீட்டிலோ இருப்பார். ஒரே மனிதனுக்காக இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் காத்திருப்பதில் உரசல் இல்லாமல் இருக்காது. வரும் போன் முதலில் யாருக்கு, பணம் யார் கணக்குக்கு என்ற சின்ன விஷயங்கள் பெரிதாகும். மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கையைச் சொல்லி 2024 தீபாவளிக்கு வந்த ‘அமரன்’ படம், அந்தக் கதையை அவரது மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸின் பார்வையில் சொன்னது. தாம்பரத்தில் வளர்ந்த முகுந்த் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரில் சோபியான் மாவட்டத்தில் வீழ்ந்தார். மறு ஆண்டு குடியரசு தினத்தில் அசோக சக்ராவை இந்து பெற்றுக்கொண்டார். தியேட்டரில் தமிழ்நாடே அழுதது. பட்டாள வீடுகளில் காத்திருப்பவர்களைப் பற்றிப் பொதுவெளியில் அவ்வளவு பேச்சு அதற்கு முன் நடந்ததில்லை. அது நல்ல விஷயம். பேச்சு அந்தப் படத்தோடு நின்றுவிட்டதுதான் வருத்தம்.

இழப்பைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. 1999 கார்கில் போருக்கு முன்புவரை, போர்முனையில் இறந்தவர்களின் உடல் பெரும்பாலும் அங்கேயே எரியூட்டப்பட்டது. வீட்டுக்குச் செய்தியும் உடைமைகளும் வரும். முகம் பார்க்காததால் மகன் எங்கோ உயிரோடு இருப்பான் என்று கடைசிவரை நம்பிக் காத்திருந்த தாய்மார் உண்டு. கார்கிலில்தான் வீழ்ந்த வீரர்களின் உடல்கள் சொந்த ஊருக்கு அனுப்பப்பட்டன. அப்போதும் திருச்சியில் வளர்ந்த மேஜர் சரவணனின் குடும்பம் ஒரு மாதத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. படாலிக் பகுதியில் மே 29 அன்று அவர் வீழ்ந்தார். எதிரி பிடியில் இருந்த அந்த உச்சியிலிருந்து உடலை மீட்க ஜூலை ஆனது. இறந்துவிட்டார் என்று தெரியும், கொள்ளி வைக்க முடியாது. அந்த நாட்களை ஒரு வீடு எப்படிக் கடந்திருக்கும் என்பதை அனுபவிக்காதவர் சொல்ல முடியாது.

சியாச்சினில் 2016 பிப்ரவரி 3 அன்று 19,600 அடி உயரத்தில் சோனம் போஸ்ட் மீது பனிச்சரிவு விழுந்தது. 19-வது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி என்று நான்கு மாவட்டத்தில் நான்கு வீடுகள். உயிர் பிழைக்க வாய்ப்பில்லை என்று அறிவிப்பு வந்துவிட்ட நிலையில், பிப்ரவரி 8 இரவு லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு மீட்கப்பட்டதாகச் செய்தி வந்தது. கர்நாடகத்தைச் சேர்ந்த அவர் பனிக்கடியில் ஆறு நாள் கிடந்திருக்கிறார். அந்தச் செய்தி மற்ற ஒன்பது வீடுகளில் என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது. அவரும் 11-ம் தேதி டெல்லியில் இறந்தார். ஒருவர்கூடத் திரும்பவில்லை.

2020 ஜூன் 15 அன்று கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் இறந்த 20 பேரில் ஹவில்தார் பழனி ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர்க்காரர். இருபது ஆண்டுக்கு மேல் பணி முடித்தவர். அந்த மாதத் தொடக்கத்தில் நடந்த சொந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அவரால் வர முடியவில்லை. தம்பியும் ராணுவத்தில்தான் இருந்தார். பிறகு வீர் சக்ரா விருதை அவர் மனைவி வானதி தேவி குடியரசுத் தலைவரிடம் பெற்றுக்கொண்டார். மாநில அரசு 20 லட்சம் ரூபாயும் குடும்பத்தில் ஒருவருக்கு வேலையும் அறிவித்தது. இந்தத் தொகைகளும் விருதுகளும் வரும்போது ஊரே கூடி நிற்கிறது. ஓராண்டு கழித்து வரும் திதிக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தப் பக்கத்தைப் பேச வீடுகள் பயப்படுகின்றன. அபசகுனம் என்று வாயைப் பொத்துவார்கள். அதனால்தான் மிக முக்கியமான காகித வேலை நடக்காமல் போகிறது. கல்யாணமானால், குழந்தை பிறந்தால், அதை யூனிட் வழியாகப் பதிவு செய்து ‘பார்ட் டூ ஆர்டர்’ வெளியிட வைக்க வேண்டும். ஆதாரில் ஒரு எழுத்து, படைப் பதிவில் ஒரு எழுத்து என்று மனைவியின் பெயர் மாறியிருந்தால் பின்னாளில் பென்ஷனுக்கு அலைய வேண்டும். அம்மாவின் பெயர் ஒன்றில் முத்துலட்சுமி, இன்னொன்றில் லட்சுமி என்று இருக்கும் வீடுகள் கணக்கில்லை. ராணுவக் குழுக் காப்பீட்டுக்கு நாமினி யார், பங்கு எவ்வளவு என்பதைச் சேர்ந்த புதிதில் எழுதிக் கொடுத்திருப்பான், கல்யாணத்துக்குப் பின் மாற்றியிருக்க மாட்டான். இல்லை, முழுக்க மாற்றிவிட்டு, தன்னை நம்பி இருக்கும் பெற்றோருக்கு ஒரு பங்கு வைக்க மறந்திருப்பான். மணமான வீரர் இறந்தால் குடும்ப ஓய்வூதியம் மனைவிக்குத்தான் போகும். அதில் பெற்றோருக்கும் பங்கு வேண்டும் என்ற கோரிக்கை 2024-ல் நாடு முழுவதும் பேசப்பட்டது. மருமகளையும் மாமியாரையும் எதிரெதிரே நிறுத்தும் பேச்சாக அது மாறியது கொடுமை. இளம் விதவைக்கு வாழ்க்கை முழுக்க இருக்கிறது, வயதான பெற்றோருக்கு வேறு கை இல்லை. இருவரையும் காக்கும் வழியை அரசுதான் விதியில் எழுத வேண்டும். அது எழுதப்படும் வரை, காப்பீட்டு நாமினேஷனிலாவது பிள்ளை இரண்டு பேரையும் நினைத்துப் பார்க்கலாம். லீவில் வந்திருக்கும்போது, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒரு மதியத்தில் முடிக்கக்கூடிய வேலை அது.

2022 ஜூன் 14-க்குப் பின் சேர்ந்த பிள்ளைகளின் வீட்டில் கவலையின் வடிவமே வேறு. அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் பணிக்காலம் நான்கு ஆண்டு. முதல் ஆண்டு மாதத் தொகுப்பு 30,000 ரூபாய், அதில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் பிடித்தம் போக, கைக்கு வருவது 21,000. நாலாம் ஆண்டில் தொகுப்பு 40,000. முடிவில் சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சம் கிடைக்கும். ஓய்வூதியம் கிடையாது. 25 சதவீதம் வரை மட்டுமே நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். பணியில் இறந்தால் 48 லட்சம் காப்பீடு உண்டு, பணியின் காரணமாக இறந்தால் 44 லட்சம் கருணைத்தொகையும் உண்டு. ஆனால் வழக்கமான வீரரின் குடும்பத்துக்குக் கிடைக்கும் மாதாந்திர ஓய்வூதியம் இல்லை. ஒரே பாறையில், ஒரே காவலில், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவரின் வீடுகளுக்கு இந்த வித்தியாசம் இருப்பது நியாயமில்லை என்று பட்டாளக் குடும்பங்கள் சொல்கின்றன. அவர்கள் சொல்வது சரி.

அந்த நான்கு ஆண்டில் கல்யாணமும் கூடாது. ஆகவே பெற்றோர் இப்போது இரண்டு தேதிகளை எண்ணுகிறார்கள். ஒன்று லீவு, இன்னொன்று ஐந்தாம் ஆண்டின் முதல் நாள். முதல் அணி 2023 ஜனவரியில் பயிற்சிக்குப் போனது. அதன் நான்கு ஆண்டு 2026 கடைசியோடு நிறைகிறது. வெளியே வருகிறவர்களுக்கு மத்திய ஆயுதக் காவல் படைகளில் 10 சதவீத இட ஒதுக்கீடு 2022-ல் அறிவிக்கப்பட்டது. விவரம் தெரிந்த வீடுகள் பையனிடம் இப்போதே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் டிகிரிக்குச் சேரச் சொல்கின்றன. சேவா நிதி வந்தவுடன் அதைத் தங்கையின் நகைக்கும் பழைய கடனுக்கும் கணக்குப் போட்டுவிடாமல், இருபத்திரண்டு வயதில் திரும்பி வரும் பிள்ளையின் அடுத்த தொடக்கத்துக்கு ஒதுக்கி வைப்பது அவனுக்குச் செய்யும் நியாயம்.

பெற்றோரின் பயத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் ஊரில் சிப்பாயின் அம்மா என்றால் கண்ணீர் விடாத வீரத்தாயாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். மைக்கை நீட்டி “இன்னொரு மகன் இருந்தாலும் அனுப்புவேன்” என்று சொல்ல வைக்கிறோம். சொல்கிறவர்கள் மனதாரச் சொல்லலாம், அதை மதிக்க வேண்டும். சொல்லாதவர்களின் நாட்டுப்பற்று அதனால் குறைந்துவிடாது. பயத்தை உள்ளே போட்டுப் பூட்டும் பெற்றோருக்கு ரத்த அழுத்தமும் தூக்கமின்மையும் வருகின்றன. அந்தப் பாரம் போனிலேயே பிள்ளைக்கும் போய்விடுகிறது. அவன் தன் கஷ்டத்தை மறைக்கிறான், இவர்கள் தங்கள் கஷ்டத்தை மறைக்கிறார்கள், இரண்டு பக்கமும் “நல்லாருக்கோம்” என்றே ஆண்டுகள் ஓடுகின்றன. பயமாக இருக்கிறது என்று அவனிடம் ஒரு முறை சொல்லிவிடுவது அவனைப் பலவீனப்படுத்தாது. வீட்டில் சொல்ல முடியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம். படையினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்றே 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் அதற்குத் தனிப்பிரிவு தொடங்கியிருக்கிறார்கள்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்ற பெயரைப் பார்த்து, அது ஓய்வுபெற்றவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பணியில் இருப்பவரின் குடும்பமும் அங்கே போகலாம். மகன் எல்லையில் இருக்கும்போது ஊரில் நிலத்தகராறு வந்தாலும், சான்றிதழ் இழுத்தடித்தாலும் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அதுதான். பிள்ளை சேர்ந்த முதல் மாதத்திலேயே போய் அறிமுகம் செய்துகொள்வது நல்லது.

உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருக்கலாம். பெரியவர்கள் இரண்டு பேர் தனியாக இருப்பார்கள், பிள்ளை சம்பளம் அனுப்புவான், மற்றபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆள் இருக்காது. சுதந்திர தினத்தன்று மேடையில் ஏற்றி மாலை போடுவது நல்ல காரியம், போடுங்கள். கூடவே சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்றில் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கேஸ் புக் பண்ணியாச்சா, பாங்குக்குப் போகணுமா, கண் டாக்டரிடம் எப்போது வரச் சொன்னார்கள் என்று கேளுங்கள். பையன் எங்கே இருக்கிறான் என்று மட்டும் கேட்காதீர்கள். எப்போது லீவில் வருகிறான் என்று கேளுங்கள், அவர்கள் சந்தோஷமாக நாள் கணக்குச் சொல்வார்கள்.